ஒரு கொழுந்தும் தவறாத விளையாட்டு

நிஷாந்தியைப் பற்றிச் சொல்லும் முன் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இது பரிதாபக் கதை இல்லை. தோட்டத்துப் பெண் என்றதும் கைக்குட்டையை எடுத்து வைத்துக்கொண்டு கேட்க உட்காருகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் அதை மடித்துப் பையிலேயே வைத்துக்கொள்ளலாம். இலங்கை மலையகத்தில் டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் மேல்பிரிவில் பிறந்த ஒருத்தி, இருபத்தாறு வயதில் தன் கையால் ஒரு கணினி விளையாட்டை எழுதினாள். யாரும் ஒரு குறை சொல்ல முடியாதபடி அதை எழுதி முடித்தாள். அவ்வளவுதான் விஷயம்.

அப்பா மாயாண்டி தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், இயந்திரம் பார்க்கிறவர். அம்மா நாகலெட்சுமி கொழுந்து பறிக்கிறவர். நிஷாந்தி உயர்தரத்தில் தொழில்நுட்பம் எடுத்துப் படித்தாள். கெம்பஸ் என்கிற பல்கலைக்கழகம் போகச் சில புள்ளிகள் குறைந்து போயின. ஒரு வாரம் அழுதாள். எட்டாம் நாள் அம்மா ஈரத்துக்குக் கட்டுகிற பழைய படங்குத் துணியை இடுப்பில் சுற்றிக்கொண்டு மலைக்குப் போய்விட்டாள். வீட்டில் யாரும் அவளை அனுப்பவில்லை. சும்மா உட்கார்ந்திருப்பது அவளுக்கு எப்போதும் ஆகாது.

மூன்று வருடம் பறித்தாள். அந்த மூன்று வருடமும் அவளுக்குப் பக்கத்து நிரை வீரம்மாவுடையது. வீரம்மாவுக்கு நாற்பது வயது இன்னும் ஆகவில்லை. பிரிவிலேயே கூடுதலாகப் பறிக்கிற கை அவளுடையது. பேசிக்கொண்டே பறிப்பாள், நாத்தனாரைத் திட்டிக்கொண்டே பறிப்பாள், எதிர் மலையில் போகிற லொறி யாருடையது என்று ஆராய்ந்துகொண்டே பறிப்பாள். செடியைப் பார்ப்பதே அபூர்வம். இடது கை ஒரு கொழுந்தை ஒடித்துக்கொண்டிருக்கும்போதே வலது கை அடுத்ததில் இருக்கும். ஒரு கைக்காக மறு கை காத்திருக்காது. நிஷாந்தியும் நன்றாகத்தான் பறிப்பாள், ஆனால் வீரம்மாவின் கூடை நிறைந்து கீழே இறக்கும்போது இவளுடையது முக்கால்தான் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தலவாக்கலையில் கணினி வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். அதைக் கொண்டு நான்காம் வருடம் பஸாரில் யோகேஸ்வரன் முதலாளியின் கொமினிகேஷன் கடையில் வேலை கிடைத்தது. போட்டோ கொப்பி, அடையாள அட்டைப் படம், பிறப்புச் சான்றிதழ் விண்ணப்பம், பரீட்சை விண்ணப்பம் என்று நாள் முழுக்க ஆள் வரும். யோகேஸ்வரனின் தாத்தா காலத்தில் அந்த இடம் புடவைக் கடையாக இருந்ததாம். முதலாளி நல்ல மனிதர்தான், ஆனால் வாய் சும்மா இருக்காது. நிஷாந்தி விசைப்பலகையைப் பார்க்காமலே விண்ணப்பம் நிரப்புவதைக் கண்டு, "கொழுந்து பறிக்கிற பழக்கமா இது?" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அவள் கோபிக்க மாட்டாள். "ஆமா மொதலாளி, அந்தப் பழக்கந்தான்" என்று நிமிர்ந்தே சொல்வாள்.

ஆனி, ஆடி மாதங்களில் தலவாக்கலையில் மழை பிடித்தால் பகலில் கடைக்கு ஆள் குறைந்துவிடும். அப்படியொரு மழைக்காலத்தில்தான் அவள் அந்த விளையாட்டை எழுதினாள். திரையில் இடப்பக்கம் ஒரு தேயிலைச் செடி, வலப்பக்கம் ஒரு தேயிலைச் செடி. இடது கைக்கு ஒரு விசை, வலது கைக்கு ஒரு விசை. ஒரு தடவை அழுத்தினால் ஒரு கொழுந்து கூடைக்குள் விழும். பறிக்கப் பறிக்கத் துளிர்க்கும். நடுவில் எப்போதாவது ஒரு குளவிக் கூடு கலையும். அப்போது இரண்டு கையையும் விசையிலிருந்து எடுத்துவிட வேண்டும், எடுக்காதவருக்குக் கொட்டு. அரை நிமிடத்தில் எத்தனை கொழுந்து என்பதுதான் ஆட்டம். சின்ன விளையாட்டுத்தான். ஆனால் செடியின் பச்சை சரியான பச்சையாக வருவதற்கே அவள் நான்கு நாள் மெனக்கெட்டிருந்தாள்.

இதைப் பார்த்த யோகேஸ்வரன்தான் ஹட்டனில் நடக்கப்போகிற கண்காட்சியைப் பற்றிச் சொன்னார். இளைஞர்கள் தாங்களே எழுதிய மென்பொருட்களைக் கொண்டுவந்து காட்ட வேண்டும். தேர்வாகிறவர்களுக்கு ஹட்டனில் ஒரு சின்ன நிறுவனத்தில் பயிற்சியோடு வேலை. "பேரைக் குடுத்துட்டேன், பின்னால என்னைத் திட்டாத" என்றார் முதலாளி. மூன்று வாரம் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீரம்மாவும் ராக்காயியும் பஸாருக்குச் சாமான் வாங்க வந்தார்கள். ராக்காயி வீரம்மாவுக்குக் கூட்டாளி, அதே பிரிவு, ஆனால் கொஞ்சம் நிதானமாகப் பறிக்கிறவள். மழைக்குக் கடைக்குள் ஒதுங்கியவர்களை நிஷாந்தி விடவில்லை. நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"அக்கா, ஒக்காருங்க. நம்ம மலையைத்தான் இதுக்குள்ள போட்டிருக்கேன். பறிச்சுப் பாருங்க."

"ஞாயித்துக்கெழமையும் பறிக்கச் சொல்றியா நீ" என்றாள் வீரம்மா. ஆனாலும் உட்கார்ந்தாள்.

முதலில் ராக்காயி ஆடினாள். ஒரு விரலால் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று குத்திக் குத்தி எழுபத்து நான்கு கொழுந்து எடுத்தாள். அடுத்து வீரம்மா. அவள் இரண்டு கையையும் வைத்தாள், ஒரு தடவை மூச்சு விட்டாள், பிறகு பறிக்கத் தொடங்கினாள். கடைக்குள் விசைப்பலகையின் சத்தம் தகரத்தில் மழை விழுகிற மாதிரி கேட்டது. யோகேஸ்வரன்கூட எழுந்து வந்து பார்த்தார். அரை நிமிடம் முடிந்து திரையில் எண் வந்தது. அறுபத்தொன்று.

ராக்காயி கைதட்டினாள். "ஏ வீரம்மா, ஒன்னைய நான் ஜெயிச்சிட்டேன்."

வீரம்மா சிரிக்கவில்லை. தன் கைகளைப் பார்த்தாள், பிறகு திரையைப் பார்த்தாள். எத்தனை ஒடித்தோம் என்பது அவள் கைக்குத் தெரியும். "நான் பறிச்சதுல பாதிகூட இதுல வரல புள்ள" என்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள், "இங்கயும் வெட்டுறாங்களா?"

வெட்டு என்றால் என்னவென்று நிஷாந்திக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. கொழுந்து நிறுக்கிற இடத்தில் ஈரத்துக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவு என்று கழிப்பார்கள். மழை இல்லாத நாளிலும் ஈரத்துக்குக் கழிப்பார்கள். பறித்தவள் எதிரில் நிற்கும்போதே கழிப்பார்கள். மூன்று வருடம் அவளும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றவள்தான். இப்போது தானே எழுதிய விளையாட்டு, தன் மலை, தன் செடி, அதில் வீரம்மாவின் கொழுந்து வெட்டுப்பட்டிருக்கிறது. அவளுக்கு முகம் சுண்டிப்போயிற்று. வெட்கமாக இருந்தது, அதைவிட ஆத்திரமாக இருந்தது.

"அக்கா, இது என் பிழை. நான் சரி பண்றேன்" என்றாள். "நீங்க பறிக்கிறதுல ஒரு கொழுந்து கொறஞ்சாலும் நான் இதை ஹட்டனுக்குக் கொண்டு போக மாட்டேன்."

முதலாளிக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. வேலை கிடைக்கிற இடத்தில் என்ன வீராப்பு என்று அவர்கள் போன பிறகு கேட்டார். நிஷாந்தி கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சொன்னால் சொன்னதுதான்.

மறுநாள் ஆள் இல்லாத நேரத்தில் திரையின் ஓரத்தில் எழுத்துகள் ஓடும்படி செய்தாள். எந்த விசை எப்போது கீழே போகிறது, எப்போது மேலே வருகிறது என்று ஒன்றுவிடாமல் வரிசையாக வரும். பிறகு மலையில் பறிப்பது போலவே இரண்டு கையையும் ஓட விட்டாள். ஐந்தாறு தடவை ஓட்டிப் பார்த்ததும் பிடிபட்டது. தலையில் அடித்துக்கொண்டாள்.

பிழை இதுதான். விளையாட்டு என்பது ஒரு விநாடிக்குப் பல தடவை எட்டிப் பார்த்து, இப்போது எந்த விசை அழுத்தி இருக்கிறது என்று கவனிக்கும். அதைக் குறித்து வைக்க நிஷாந்தி ஒரே ஒரு இடத்தைத்தான் ஒதுக்கியிருந்தாள். இடது விசை அழுத்தினால் அந்த இடத்தில் 'இடது'. அதை விடுவதற்குள் வலது கை அழுத்தினால், இடதை அழித்துவிட்டு 'வலது'. அப்புறம் இடது கை மேலே வந்ததும் அந்த இடமே காலி. வலது கை இன்னும் அழுத்திக்கொண்டு இருக்கிறது, விளையாட்டுக்கோ கையே இல்லை. ஒரு விரலால் குத்துகிற ராக்காயிக்கு இதனால் நட்டமில்லை. இரண்டு கையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஓடுகிற வீரம்மாவுக்குத்தான் வெட்டு. நன்றாகப் பறிக்கிறவளுக்கே கூடுதலாக வெட்டுகிற விளையாட்டை எழுதியிருக்கிறோமே என்று நினைக்க நினைக்க அவளுக்கு ஆறவில்லை.

அதிலும் பெரிய கொடுமை, இது அவள் செய்யக்கூடாத பிழை. மூன்று வருடம் இரண்டு கையால் பறித்தவள். ஆனால் கடை நாற்காலியில் உட்கார்ந்ததும் விண்ணப்பம் நிரப்புகிறவளாக மாறி, ஓர் எழுத்து முடிந்து மறு எழுத்து என்றே எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்திருக்கிறாள்.

இடது கைக்கு ஓர் இடம், வலது கைக்கு ஓர் இடம் என்று பிரித்து எழுதினாள். ஒன்று மற்றதைத் தொடாது. விசையைச் சும்மா அமுக்கிப் பிடித்தால் கணினி தானாகவே அதைத் திரும்பத் திரும்ப அழுத்தியதாகச் சொல்லும், எழுத்தடிக்கும்போது ஒரே எழுத்து வரிசையாக ஓடுமே, அதுதான். அதையும் கணக்கில் எடுக்காமல் தள்ளினாள். ஒடிக்காமல் விழுகிற கொழுந்து அவளுக்கு வேண்டாம்.

இரண்டாவது ஞாயிறு வீரம்மாவும் ராக்காயியும் சொன்னபடி வந்தார்கள். நாகலெட்சுமியும் கூட வந்தாள். இந்தத் தடவை ராக்காயி ஒரு கேள்வி கேட்டாள்.

"இது சரியா எண்ணுதுன்னு இதுவேதான் சொல்லுது. தராசும் அவங்களோடதுதான். நமக்குன்னு ஒரு கணக்கு வேணாமா?"

யோகேஸ்வரனுக்குச் சிரிப்பு வந்தது. நிஷாந்திக்கு வரவில்லை. அவள் கைத்தொலைபேசியை எடுத்து, வீரம்மாவின் கைகளை மட்டும் மெதுவாக ஓடும்படியான வீடியோவில் பிடித்தாள். பிறகு அதை ஓட விட்டு, ராக்காயி இடது கையை எண்ணினாள், நாகலெட்சுமி வலது கையை எண்ணினாள். கொப்பித் தாளில் ஐந்து ஐந்து கோடாகப் போட்டுக்கொண்டே வந்தார்கள். முடிந்ததும் கூட்டினார்கள். நூற்று முப்பத்தேழு. திரையில் இருந்தது நூற்றுப் பதினெட்டு.

"போன தடவைக்கு இது பரவாயில்ல" என்றாள் நாகலெட்சுமி, மகளின் முகத்தைப் பார்த்து.

"பரவாயில்லன்னு சொல்லாத அம்மா" என்றாள் நிஷாந்தி. "பத்தொம்பது எங்க போச்சு?"

இதற்குக் காரணம் கண்டுபிடிக்க நாட்கள் ஆயின. கடைக் கணினி பழையது. அது விநாடிக்கு இருபது தடவைதான் எட்டிப் பார்த்தது. வீரம்மாவின் விரல் அதைவிட வேகம். ஒரு பார்வைக்கும் அடுத்த பார்வைக்கும் இடையில் அவள் அழுத்தி, எடுத்தும் விடுகிறாள். விளையாட்டு பார்க்கும்போது விசை மேலேதான் இருக்கிறது. பறித்ததே தெரியவில்லை.

யோகேஸ்வரன் தன் புது மடிக்கணினியைக் கொண்டுவந்து வைத்தார். அது சுறுசுறுப்பான இயந்திரம், அடிக்கடி எட்டிப் பார்க்கும். அதில் போட்டு, தன் கையாலேயே வேகமாக அடித்து, வீடியோ எடுத்து எண்ணிப் பார்த்தாள். நான்கு குறைந்தது.

"நாலுதானே, விடு. யாரு எண்ணப் போறாங்க?" என்றார் முதலாளி. "இத வச்சே கொண்டு போயிறலாம்."

"நிறுக்கிற எடத்துலயும் நாலு கிலோதானேன்னுதான் சொல்றாங்க மொதலாளி."

எப்போதும் ஏதாவது சொல்கிறவர் அன்று வாசலுக்குப் போய் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரம் கழித்து இரண்டு தேத்தண்ணீர் வாங்கிவந்து ஒன்றை அவளிடம் வைத்தார்.

கண்காட்சி சனிக்கிழமை. புதன்கிழமை வரைக்கும் அவளுக்கு வழி தெரியவில்லை. வேகமான இயந்திரம் ஒன்றைத் தேடுவது வழியில்லை என்று மட்டும் தெரியும். வீரம்மாவைவிட வேகமாக ஒருத்தி வந்தால் அப்போது என்ன செய்வது?

புதன்கிழமை பரீட்சை விண்ணப்பத்துக்குக் கடைசி நாள், கடையில் நிற்க இடமில்லை. நிஷாந்தி குனிந்து தட்டச்சு செய்கிறாள், நடுநடுவே நிமிர்ந்து பார்க்கிறாள். ஒரு தடவை நிமிர்ந்தபோது பக்கத்துப் போட்டோ கொப்பி மேசைக்கு முன்னால் ஆள் யாரும் இல்லை. சரி, கொப்பிக்கு ஒருவரும் வரவில்லை என்று குனியப் போனவள் கண்ணில் அந்த மேசைத் தட்டு பட்டது. உள்ளே ஓர் அடையாள அட்டை கிடந்தது. யாரோ வந்திருக்கிறார், போட்டோ கொப்பிக்கு அதை வைத்துவிட்டு, பஸ் நேரம் கேட்கவோ எதற்கோ போயிருக்கிறார். அவள் பார்த்த நேரத்தில் ஆள் இல்லை. ஆனால் அவர் வந்தது தட்டில் இருக்கிறது.

நிஷாந்தி அந்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். வரிசையில் நின்ற ஒருவர் "என்ன தங்கச்சி, அட்டையில ஏதும் பிழையா?" என்று கேட்டார். "இல்லண்ணே, பிழை எங்கிட்டத்தான்" என்றாள். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அன்று பின்னேரம் கூட்டம் ஓய்ந்ததும் எழுதினாள். விசை அழுத்தி இருக்கிறதா என்று எட்டிப் பார்க்கிற வேலையை அவள் எடுத்துவிட்டாள். அதற்குப் பதிலாக ஒவ்வொரு கைக்கும் ஒரு தட்டு. விசை கீழே போகிற அந்தக் கணத்திலேயே தட்டில் ஒன்று விழுந்துவிடும், விரல் மேலே வந்தாலும் அது அழியாது. விளையாட்டு எப்போது எட்டிப் பார்த்தாலும் சரி, தட்டில் ஒன்று இருந்தால் ஒன்று, மூன்று இருந்தால் மூன்று, இருப்பதையெல்லாம் கூடையில் போட வேண்டும். குளவி வருகிற நேரத்துக்கு மட்டும் கை விசையில் இருக்கிறதா என்று பழைய முறையில் பார்த்தால் போதும். எழுதிப் பார்த்தால் பத்துப் பதினைந்து வரிதான். வேண்டுமென்றே பழைய கடைக் கணினியிலேயே போட்டு, தன் கையால் அடித்து, எண்ணிப் பார்த்தாள். சரியாக வந்தது. ஆனால் அவள் வாக்குக் கொடுத்தது வீரம்மாவின் கைக்கு.

அடுத்த ஞாயிறு வரை காத்திருக்க நேரமில்லை. வெள்ளிக்கிழமை முதலாளியிடம் அரை நாள் லீவு சொல்லி, மடிக்கணினியையும் வாங்கிக்கொண்டு தோட்டத்துக்குப் பஸ் ஏறினாள். புறப்படும் முன் அதில் ஒரு சின்ன வேலை செய்தாள். விளையாட்டு விநாடிக்குப் பத்துத் தடவைக்கு மேல் எட்டிப் பார்க்காதபடி கட்டிப்போட்டாள். கடைக் கணினியைவிடவும் மந்தமாக. "சுகமான இடத்துல வச்சுப் பாத்துட்டு சரின்னு சொல்லக்கூடாது" என்று முதலாளியிடம் சொன்னாள்.

பின்னேர நிறுவை முடிந்து கொழுந்து லொறி போய்விட்டிருந்தது. கொழுந்து நிறுக்கிற கொட்டகையான மடுவத்தில், தராசு தொங்குகிற இடத்துக்குக் கீழே ஒரு மேசை. அதில் மடிக்கணினியை வைத்தாள். பெண்கள் படங்கைக்கூட அவிழ்க்காமல் சுற்றி நின்றார்கள். வீரம்மா கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். காலையிலிருந்து பறித்த கை, விரலெல்லாம் கறை.

"களைப்பா இருந்தா வேணாங்கக்கா" என்றாள் நிஷாந்தி.

"களைப்பு காலுக்குத்தான். கைக்கு என்னா?" என்றாள் வீரம்மா. "பொலி பொலி" என்று சொல்லிவிட்டு ஆரம்பித்தாள். புது மலையில் கை வைக்கும்போது சொல்கிற சொல் அது. நிஷாந்தி போன தடவை மாதிரியே அவள் கைகளை வீடியோ பிடித்தாள்.

அன்று அவள் பறித்த வேகத்தைப் பார்த்தவர்கள் அதற்குப் பிறகும் பல நாள் பேசினார்கள். குளவி வந்தபோது இரண்டு கையும் ஒரே வீச்சில் மேலே போயின, அது போனதும் ஒரே வீச்சில் கீழே வந்தன. நேரம் முடிந்தது. திரையில் நூற்று ஐம்பத்திரண்டு.

அதற்குள் கண்டாக்கு கஜேந்திரன் அங்கே வந்துவிட்டார். பகலில் வேலை மேற்பார்க்கிறவர், நிறுவையில் நிற்கிறவர். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "வீடியோவைக் குடுங்க, நான் எண்ணித் தாறேன்" என்றார் நல்ல மனதோடுதான்.

"வேணாங்கய்யா" என்றாள் ராக்காயி மரியாதையாக. "இத நாங்களே எண்ணிக்கிறோம்."

அவர் ஒதுங்கி நின்றார்.

ராக்காயி இடது கை, நாகலெட்சுமி வலது கை. கோடு கோடாக விழுந்தது. நிஷாந்தி பக்கத்தில் நிற்கவில்லை, மடுவத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் ஹட்டன் பஸ். ஏறுவதா வேண்டாமா என்பது அந்தத் தாளில் இருந்தது. இடது எழுபத்தைந்து, வலது எழுபத்தேழு. ராக்காயி கூட்டினாள். நம்பிக்கை இல்லாமல் திரும்பவும் வீடியோவை முதலிலிருந்து ஓட்டி, இரண்டு பேரும் கை மாற்றி எண்ணினார்கள். திரும்பவும் அதேதான்.

"நூத்தம்பத்திரெண்டு" என்றாள் ராக்காயி.

வீரம்மா எழுந்திருக்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்புட்டும் வந்திருச்சா?" என்று கேட்டாள்.

"அம்புட்டும் வந்திருச்சுக்கா."

வீரம்மா அந்தத் தாளை வாங்கினாள். கோடுகளுக்குக் கீழே எண்ணைத் தானே எழுதினாள், அதன் கீழே தன் பெயரை எழுதினாள். பிறகு பேனையை ராக்காயியிடம் நீட்டினாள், ராக்காயி நாகலெட்சுமியிடம் நீட்டினாள். மூன்று பேரும் எழுதி முடித்துத் தாளை நிஷாந்தியிடம் கொடுத்தார்கள். "கொண்டு போ" என்றாள் வீரம்மா. "நானும் வாறேன். நாளைக்கு மலைக்குப் பேரு போடப் போறதில்ல."

ஹட்டன் மண்டபத்தில் இருபத்தெட்டு மேசைகள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், ஆசிரியர்களின் சான்றிதழ்கள், வண்ணப் பதாகைகள். நிஷாந்தியின் மேசையில் முதலாளியின் மடிக்கணினியும் அந்தத் தாளும். கண்டியிலிருந்து வந்திருந்த அனோஜா என்ற நடுவர் அம்மா முதலில் ஒரு விரலால் ஆடிப் பார்த்தார். நன்றாக இருக்கிறது, ஆனால் இதைவிடப் பெரிய பெரிய விளையாட்டுகள் உள்ளே இருக்கின்றன என்று சொல்ல வாயெடுத்தவர் தாளைப் பார்த்து நின்றார்.

"இது என்ன?"

"சோதிச்சுப் பாத்த அத்தாட்சி, மேடம்" என்றாள் நிஷாந்தி. ஒவ்வொரு பிழையையும் மறைக்காமல் சொன்னாள். ஒரே இடத்தில் குறித்தது, இடையில் தவறியது, தட்டு வைத்தது, வேண்டுமென்றே விளையாட்டை மந்தமாக்கிப் பார்த்தது. பிறகு வீரம்மாவை உட்காரச் சொன்னாள்.

அனோஜா பார்த்துக்கொண்டே இருந்தார். மற்ற மேசைக்காரர்களும் வந்து கூடிவிட்டார்கள். ஆட்டம் முடிந்ததும் அவர் கேட்டார், "எங்களோட வேலை செய்யிற பொடியனுங்க, நாலு தப்பினா பெரிசா எடுத்துக்க மாட்டாங்க. உங்களுக்கு ஏன் ஒண்ணும் தப்பக்கூடாது?"

"அது அக்கா பறிச்சது மேடம்" என்றாள் நிஷாந்தி.

மத்தியானம் முடிவு சொன்னார்கள். மூன்று பேருக்கு வேலை. இரண்டாவதாக வாசித்த பெயர் நிஷாந்தி மாயாண்டி. அவளை மேடைக்கு அழைத்து, தன்னைப் பற்றிச் சொல்லும்படி மைக்கைக் கையில் கொடுத்தார்கள்.

"என் பேரு நிஷாந்தி. டயகமப் பக்கம் மேல்பிரிவு. மூணு வருசம் கொழுந்து பறிச்சேன். அந்த மூணு வருசத்துல பழகினதாலதான் இதை எழுத முடிஞ்சது" என்றாள். "இதுல இருந்த பிழையக் கண்டுபிடிச்சவங்க மூணு பேரு. அவங்க பேரையும் இங்க சொல்லணும்." தாளைப் பார்க்காமலே முதல் பெயரை மைக்கில் சொன்னாள்.

"வீரம்மா."

பெரட்டுக் களத்தில் தினமும் காலையில் அப்படித்தான் பெயர் கூப்பிடுவார்கள். கூப்பிட்ட பெயருக்குக் குரல் கொடுக்காவிட்டால் அன்றைக்கு அவள் வரவில்லை என்று அர்த்தம். இருபது வருடப் பழக்கம். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த வீரம்மா சட்டென்று எழுந்து நின்று, மண்டபம் முழுக்கக் கேட்கும்படி, "இருக்கேன்" என்றாள்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எங்கே நிற்கிறோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. உட்காரப் போனாள். அதற்குள் அனோஜா மேடையில் எழுந்து நின்று கைதட்டத் தொடங்கினார், மண்டபமும் தட்டியது. வீரம்மா உட்காரவில்லை. தலையை நிமிர்த்தி, கை தட்டி முடியும் வரை நின்றாள்.

நிஷாந்தி மற்ற இரண்டு பெயர்களையும் சொன்னாள். ராக்காயியும் நாகலெட்சுமியும் அந்த நேரத்தில் மலையில் இருந்தார்கள். அந்த இரண்டு பேருக்கும் வீரம்மாவே குரல் கொடுத்தாள்.